பெரியகுளத்துக் கோப்பையும் பேஸ்பால் கல்லாப்பெட்டியும்

பெரியகுளத்துக்கு நாங்கள் சென்றது கூடைப்பந்து பார்ப்பதற்காக அன்று. வராக நதிக்கரையில் இருக்கும் பாலசுப்பிரமணியர் கோயிலை ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் குழுவினரின் நெடுநாள் ஆவல். இராஜேந்திர சோழீசுவரர் என்ற பெயரும் உடைய கோயில் அது. சோழ வரலாற்றில் பித்துக் கொண்டவர்களை இழுக்க அந்தப் பெயர் ஒன்றே போதும். மே மாதத்து வெயிலில் கோயிலைப் பார்த்து முடித்து, மாலையில் கடைத்தெருவில் மாம்பழம் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் சுவரொட்டி கண்ணில் பட்டது. பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி. நடத்துவது உள்ளூர் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப். இரவு ஆட்டங்கள். அறையைக் காலி செய்யும் எண்ணத்தை ஒத்திவைத்துவிட்டு ஆடுகளத்துக்குப் போனோம்.

மின்விளக்கொளியில் ஆடுகளம் பகல்போல் இருந்தது. படிமேடைகளில் முதியவர்கள், பள்ளிச் சிறுவர்கள், கடையை அடைத்துவிட்டு நேராக வந்திருந்தவர்கள். ஒரு பக்கம் வங்கி அணி. மறுபக்கம் முப்படைகளில் ஒன்றின் அணி. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒவ்வொரு ஆட்டக்காரரையும் பெயர் சொல்லி, போன வருடம் எந்த அணியில் ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இடைவேளையில் எங்களில் ஒருவர், "ஐயா, இவ்வளவு பேர் பார்க்கிறார்களே, ஆட்டக்காரர்களுக்கு நல்ல வருமானம் இருக்கும், இல்லையா?" என்று கேட்டார். பெரியவர் சிரித்தார். "தம்பி, இவுகளுக்குச் சம்பளம் குடுக்குறது நாம இல்ல. ஆபீசு குடுக்குது. நாம கை தட்டுறதோட சரி."

அந்தப் பதில்தான் இக்கட்டுரைக்கு வித்து. ஒரு விளையாட்டை மக்கள் விரும்புவது வேறு, அதன் கல்லாப்பெட்டி நிறைவது வேறு. இரண்டும் ஒன்றே என்றுதான் நாம் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். கிரிக்கெட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும்.

இரண்டும் தனித்தனி என்பதைத் தெளிவாகக் காட்டும் வரலாறு அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தினுடையது. எது உங்களுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு என்று காலப் என்னும் கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்க மக்களைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறது. 1948இல் 39 விழுக்காட்டினர் பேஸ்பால் என்றார்கள். 1972இல் அமெரிக்கக் கால்பந்து அதை முந்தியது. 2023 டிசம்பரில் எடுத்த கணிப்பில் கால்பந்துக்கு 41, பேஸ்பாலுக்கு 10, கூடைப்பந்துக்கு 9. "தேசியப் பொழுதுபோக்கு" என்று பள்ளிப் பாடத்தில் சொல்லிக்கொடுத்த விளையாட்டு, பத்தில் ஒருவரின் விருப்பமாகச் சுருங்கிவிட்டது.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பேஸ்பால் நொடித்துப்போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. 2024இல் ஆடுகளங்களுக்கு நேரில் வந்தவர்களின் எண்ணிக்கை 7 கோடியே 13 லட்சம். ஆண்டு வருவாய் 1,000 கோடி டாலரைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்ற ஒரே ஆட்டக்காரருக்கு நியூயார்க் மெட்ஸ் அணி 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. விரும்புவோர் குறைந்தும் பணம் பெருகியது எப்படி? ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. கோடை முழுக்க, ஏறக்குறைய நாள்தோறும், அந்தந்த ஊர்த் தொலைக்காட்சிக்கு மூன்று மணி நேர நிகழ்ச்சி ஆயத்தமாகக் கிடைக்கிறது. நாடு முழுதும் விரும்பாவிட்டாலும் ஊர்க்காரன் விரும்பினால் போதும் என்று கணக்குப் போட்டு, வட்டாரத் தொலைக்காட்சிகளிடம் அணிகள் தனித்தனியே பேரம் பேசின. லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணி 2013இல் செய்துகொண்ட ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர்.

இந்த ஏற்பாட்டின் கோளாறும் அதற்குள்ளேயே இருந்தது. பெரிய ஊர் அணிக்குப் பெரிய வாய்க்கால், சிறிய ஊர் அணிக்குச் சிறிய வாய்க்கால். கேபிள் இணைப்பை மக்கள் துண்டிக்கத் தொடங்கியதும் சிறிய வாய்க்கால்கள் வறண்டன. பல அணிகளின் ஆட்டங்களை ஒளிபரப்பி வந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்துக்குப் போயிற்று.

கால்பந்துக்காரர்கள் வேறு வழியில் போனவர்கள். எல்லா அணிகளின் ஒளிபரப்பு உரிமையையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்று, வந்த பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்வது என்று 1961இலேயே முடிவெடுத்தார்கள். அதற்கென அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றிக் கொடுத்தது. 2021இல் கையெழுத்தான ஒப்பந்தங்களின் மதிப்பு 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 11,000 கோடி டாலர். 32 அணிகளுக்கும் சமபங்கு. இதனால்தான் விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே என்னும் சிற்றூர் அணி நியூயார்க்கோடு சரிக்குச் சரி மோதுகிறது. அந்த ஊரின் மக்கள்தொகை லட்சத்தைச் சற்றே தாண்டும். நம் தேனி நகராட்சியின் தொகை 2011 கணக்கெடுப்பில் 94 ஆயிரம். ஏறக்குறைய தேனி அளவுள்ள ஓர் ஊருக்கு, 1923 முதல் ஊர்மக்களே பங்குதாரர்களாக இருக்கும் ஒரு தொழில்முறை அணி! இதைப் படித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட பொறாமையை மறைக்க விரும்பவில்லை.

வாய்க்கால் என்ற சொல்லை மேலே தெரிந்தேதான் பயன்படுத்தினோம். கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றி வருபவர்களுக்கு வேறு உவமை தோன்றாது. முல்லைப் பெரியாற்றுக்கு மேற்கு மலையில் மழை எக்காலத்தும் பெய்துகொண்டுதான் இருந்தது. நீர் அரபிக்கடலில் போய்ச் சேர்ந்தது. 1895 அக்டோபர் 10 அன்று அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் கிழக்கே திரும்பிய பிறகுதான் இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமாயிற்று. மழையின் அளவு மாறவில்லை, வழிதான் மாறியது. (அணை கட்டிய பென்னிகுயிக் கிரிக்கெட் பிரியர் என்பது பலருக்குத் தெரியாது. சென்னை மாநிலக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் ஆட்டத்துக்கு அவர் பெயரில் ஒரு கோப்பையே உண்டு. லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் அவர் சிலைக்கு மாலையிடும் அன்பர்கள் இதையும் நினைவில் கொள்ளலாம்.)

இந்தியக் கிரிக்கெட்டின் கதையும் ஒரு சுரங்கத்தின் கதைதான். 1983இல் உலகக் கோப்பையை வென்று திரும்பிய அணிக்குப் பரிசு கொடுக்க வாரியத்திடம் பணம் இல்லை. தில்லியில் லதா மங்கேஷ்கரை அழைத்துக் கச்சேரி வைத்து, வசூலான தொகையில் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 1 லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அன்றைக்கும் நாடு முழுவதும் கிரிக்கெட் மீது பைத்தியமாகத்தான் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. ரசிகர் கூட்டம் இருந்தது. அதைக் காசாக்கும் வழி இல்லை. ஆட்டத்தை ஒளிபரப்ப வாரியமே தூர்தர்ஷனுக்குப் பணம் கட்டவேண்டியிருந்த காலம் அது. 1993இல் ஹீரோ கோப்பை ஆட்டங்களை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்க வங்காளக் கிரிக்கெட் சங்கம் முற்பட்டபோது அரசு தடுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. வான் அலைகள் பொதுச்சொத்து, அவற்றின் மீது அரசுக்குத் தனியுரிமை இல்லை என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சுரங்கம் வெட்டப்பட்டது அன்றுதான் என்பது எங்கள் எண்ணம். அதன் வழியாக இன்று பாய்வது எவ்வளவு? 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 118 கோடி.

கபடிக்கும் இப்படி ஒரு சிறு மதகு திறந்தது. 2014இல் புரோ கபடி தொடங்கியபோது முதல் ஏலத்தின் உச்சத்தொகை ராகேஷ் குமாருக்குக் கிடைத்த 12.80 லட்சம். 2023 ஏலத்தில் பவன் செராவத் 2 கோடியே 60 லட்சத்துக்குப் போனார். ஐ.பி.எல்.லின் 27 கோடிக்கு முன் இது சிறிதுதான். ஆனாலும் கிராமத்துக் கோயில் திருவிழாவில் குத்துவிளக்குப் பரிசுக்கு ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் ஒன்பது ஆண்டுகளில் ஏறிய ஏற்றம் அது.

கல்லாப்பெட்டியே இல்லாமல் கூட்டம் சேர்க்கும் விளையாட்டும் இதே மண்ணில் இருக்கிறது. பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் நடக்கும் ஜல்லிக்கட்டைச் சொல்கிறோம். மாட்டுவண்டிப் பந்தயத்தைச் சொல்கிறோம். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, புள்ளிமான், கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று மாடுகளின் தரத்துக்கேற்பப் பந்தயங்களைப் பிரித்து வைத்திருக்கும் அழகே அழகு. சாலையின் இருமருங்கிலும் நிற்கும் கூட்டத்துக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. மாட்டுக்குச் செலவழித்ததைப் பரிசால் மீட்டவர் யாரும் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. மீட்கவேண்டும் என்று நினைப்பவரும் இல்லை. மாடு வளர்ப்பவருக்கு அது வேளாண்மையின் நீட்சி, குடும்பத்தின் பெருமை. ஆகையால் இதை யாரும் திவாலாக்க முடியாது.

கூடைப்பந்து இந்த இரண்டிலும் சேராது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கியது இவ்வாட்டம். பெரியாறு அணை திறந்த அதே 1895இல், அதே மாநிலத்தில், இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.காரரான வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். இரண்டும் அந்த அமைப்பின் கையைப் பிடித்துக்கொண்டே இந்தியா வந்தன. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் மாகாணமெங்கும் பள்ளிகளுக்குப் போனார்கள். இரண்டு கம்பம், இரண்டு வளையம், ஒரு பந்து, பள்ளி முற்றத்தின் ஒரு மூலை: இவ்வளவே முதலீடு. பேஸ்பாலுக்கு வேண்டிய கையுறையும் பரந்த வெளியும் இதற்குத் தேவைப்படவில்லை. மட்டையும் வெளியும் கொண்ட ஆட்டம் வேண்டுமென்றால் கிரிக்கெட் ஏற்கெனவே இங்கே குடியேறிவிட்டிருந்தது. 2008இல் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி எடுத்துக்கொண்டதுதான் அவ்வாட்டத்தோடு நமக்கு ஏற்பட்ட பெரிய உறவு. ஐ.பி.எல். பிறந்ததும் அதே ஆண்டு. இரண்டு இளைஞர்களின் பெயர் யார் நினைவில் நிற்கும்?

ஆட்டம் பள்ளிக்கு வந்தது சரி. பள்ளி முடித்த பிறகு ஆட்டக்காரன் எதைத் தின்பான்? இதற்கு நாம் கண்ட விடைதான் அலுவலக அணி. ரயில்வே, காவல்துறை, முப்படை, மின்வாரியம், வருமானவரித் துறை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தராகச் சேர்வார். பாதிநாள் வேலை, பாதிநாள் பயிற்சி. முப்பது முப்பத்தைந்து வயதில் கால் தளர்ந்ததும் முழுநேர ஊழியராகி, பதவி உயர்வு பெற்று, ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போவார். பெரியகுளத்துச் சுழற்கோப்பை அறுபது ஆண்டு நிறைவையும் கடந்து நிற்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. ஊர் செய்யவேண்டியது தங்குமிடம், சாப்பாடு, பயணச் செலவு, பரிசு, விளக்கு வெளிச்சம். தென்மாவட்டங்களில் இத்தகைய போட்டிகளை நடத்துபவர்கள் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கி, மலருக்கு விளம்பரம் வாங்கி, இதை எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். ஆட்டக்காரரின் ஆண்டு முழுவதற்குமான சம்பளத்தை ஊரே சுமக்கவேண்டும் என்றால் முதல் ஆண்டோடு முடிந்திருக்கும்.

இதை ஏதோ பின்தங்கிய நாட்டின் ஏற்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கக் கூடைப்பந்து வளர்ந்ததும் இப்படித்தான். 1937இல் அங்கே தேசியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்கியவை ஜெனரல் எலக்ட்ரிக், ஃபயர்ஸ்டோன், குட்இயர் என்னும் மூன்று தொழிற்சாலைகள். பிற்காலத்து என்.பி.ஏ.வின் இரு தாய்களில் ஒன்று அதுதான். ஏழடி உயரமும் இரண்டு ஒலிம்பிக் தங்கமும் கொண்ட பாப் கர்லாண்ட் தொழில்முறை அணி எதிலும் சேரவே இல்லை. பிலிப்ஸ் பெட்ரோலிய நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு அதன் அணிக்கே ஆடினார். நிலையான வேலை பெரிதெனத் தோன்றிய காலம். அவர் தேர்வு நம் ஊர்த் தகப்பனார்களுக்கு நன்றாகப் புரியும்.

ஜப்பானில் பேஸ்பாலே அப்படி வளர்ந்ததுதான். தொழிற்சாலை அணிகள் ஊர்களின் பெயரால் மோதும் போட்டி அங்கே 1927 முதல் நடந்து வருகிறது. ஆனால் 1990களில் பொருளாதாரம் சரிந்தபோது நிறுவனம் நிறுவனமாக அணிகளைக் கலைத்தார்கள். நிஸான் 2009இல் தன் அணியை நிறுத்தியது. ரசிகர் குறைந்ததாலோ அணி தோற்றதாலோ அன்று. கார் விற்பனை குறைந்ததால். 2025இல் அதை மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

நம் பக்கம் நடந்துவருவதை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சற்று நடுக்கம் ஏற்படுகிறது. 2017இல் பொதுத்துறை வங்கிகள் 27. 2020 ஏப்ரலில் 12. பெங்களூரில் பெயர்பெற்ற கூடைப்பந்து அணி வைத்திருந்த விஜயா வங்கி 2019 ஏப்ரலில் பரோடா வங்கியோடு கரைந்தது. அணி பரோடா வங்கியின் பெயரில் தொடர்ந்தது நல்ல செய்திதான். ஆனால் இரண்டு வங்கிகள் ஒன்றாகும்போது, ஆட்டக்காரன் தட்டக்கூடிய கதவுகளில் ஒன்று மூடிக்கொள்கிறது. கதவை மூடியவர்களுக்குக் கூடைப்பந்தின் மீது எந்தப் பகையும் இல்லை. வாராக்கடனைப் பற்றிய கூட்டத்தில் எடுத்த முடிவு அது. வளையத்தின் பேச்சே அங்கு எழுந்திருக்காது.

கிரிக்கெட் மற்ற விளையாட்டுகளைத் தின்றுவிட்டது என்று எங்கும் ஒரு புலம்பல் கேட்கிறது. பெரியகுளத்துப் படிமேடையில் உட்கார்ந்திருந்த எங்களால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. கிரிக்கெட் அந்த ஊரின் கூட்டத்தைத் தின்னவில்லை. கூட்டம் கண்ணெதிரே இருந்தது. நாளைக்கு இல்லாமல் போகக்கூடியது ஆட இருக்கும் அணி. உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ ஒரு பள்ளி முற்றத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும் பையனிடம், "இதனால உனக்கு என்னடா கிடைக்கும்?" என்று அவன் தகப்பனார் கேட்டால், முந்தைய தலைமுறை "பேங்க் வேலை" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னது. இன்றைய பையன் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லவேண்டும். ரயில்வே இருக்கிறது, படைகள் இருக்கின்றன, மாநில அரசின் விளையாட்டு ஒதுக்கீடும் இருக்கிறது. பட்டியல் முற்றிலும் வற்றிவிடவில்லை.

தனியார் லீக் வந்து ஈடுகட்டும் என்பாரும் உண்டு. கூடைப்பந்துச் சம்மேளனம் 2010இல் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸோடு 30 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. எதிர்பார்த்த பெரிய லீக் அதிலிருந்து பிறக்கவில்லை. 2015இல் யு.பி.ஏ. என்ற லீக் சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லாமலே தொடங்கி 2017க்குப் பின் ஆடவில்லை. 2019 அக்டோபரில் என்.பி.ஏ. அணிகளே மும்பைக்கு வந்து இரண்டு ஆட்டம் ஆடிப் போயின. கட்டணம் வாங்கிக் காட்டிய வாணவேடிக்கை என்பதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. வேலையை விட்டுவிட்டு லீக்கில் சேர்ந்தவன், லீக் நின்றுபோன அடுத்த மாதம் என்ன செய்வான் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் எந்த லீக்கும் அலுவலக அணியை மாற்றிவிட முடியாது.

அன்றிரவு வங்கி அணி நூலிழையில் வென்றது. கடைசி வினாடிகளில் எங்கள் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்; பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தியதை அவர் காதில் வாங்கவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் கைப்பையிலிருந்து ஒரு பழைய போட்டி மலரை எடுத்துக் காட்டினார். அட்டை கிழிந்து, ஓரம் அரித்துப்போன மலர். உள்ளே அணிகளின் குழுப் படங்கள், ஏலக்காய் மண்டி விளம்பரங்கள், பஞ்சாலை விளம்பரங்கள். இத்தனை ஆண்டும் விளக்கை எரியவிட்டவர்கள் யார் என்பதற்கான ஆவணம் அந்த விளம்பரப் பக்கங்கள்தாம். படியெடுத்துக்கொள்ள ஒருநாள் தரமுடியுமா என்று கேட்டோம். "இதக் குடுத்தா திரும்பி வராது தம்பி" என்று சொல்லி மீண்டும் பையில் வைத்துக்கொண்டார்.

பெரியகுளம், தேனி, போடி, கம்பம் பகுதி வாசகர்கள் யாரிடமாவது 1960கள், 70களின் போட்டி மலர்களோ நன்கொடை ரசீதுகளோ இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பொருளைக் கொடுக்கவேண்டாம், நாங்களே வந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படியெடுத்துக்கொண்டு போகிறோம்.